ஏழுமலை வீட்டு மண்

கண்ணு,

போனில் சொன்னால் நீ முழுசாகக் கேட்கமாட்டாய். "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்பாய். அந்த அப்புறம் இதுவரை ஒரு நாளும் வந்ததில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்து சேர்ந்தது. உன் பெயரும் அந்தப் பெண்ணின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் நிறைந்தது. அப்பா பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போட்டிருப்பதைப் பார்த்தபோது மட்டும் கட்டை மூடி வைத்துவிட்டேன். தாலி இல்லாதவள் கையால் கொடுக்கக் கூடாது என்று நாலு பேர் சொல்வார்கள் அல்லவா, அதனால் தாம்பாளத்தை உன் அத்தை ஏந்த, நான் பின்னால் நின்று வீடு வீடாக வைத்துவிட்டு வந்தேன். சின்னசேலம், கச்சிராயப்பாளையம், பஸ் பிடித்து வெள்ளிமலை வரைக்கும் போனோம். "ஏழுமலை வூட்டுக்கு மட்டும் வெக்காத" என்று நீ கண்டிஷனாகச் சொல்லியிருந்தாய். நேற்று அந்த வீட்டுக்கும் வைத்துவிட்டேன். அத்தை வரவில்லை, நான் தனியாகத்தான் போனேன். கோபப்படு. கோபப்பட்டு முடித்துவிட்டு மேலே படி.

தார் ரோட்டிலிருந்து வரும் பாதை யாருடையது என்று நீ வக்கீலிடம் போய்க் கேட்டாய். என்னைக் கேட்டிருக்கலாம். தார் ரோட்டை ஒட்டி நம் நிலம், நம் வீடு. அதைத் தாண்டினால் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஏழுமலையின் வீடும் கொல்லையும். அதற்கும் அப்பால் நம்முடைய கிணற்றுக் கொல்லை, அதை ஒட்டிச் சுடுகாடு. பாதையில் பாதி நம் பட்டா, பாதி அவர்கள் பட்டா. அவர்கள் ஊருக்குப் போக நம் மண்ணை மிதிக்க வேண்டும். நாம் கிணற்றுக்குப் போக அவர்கள் மண்ணை மிதிக்க வேண்டும். ஒருத்தர் குடுமி இன்னொருத்தர் கையில் இருந்தது. அதனாலோ என்னவோ, ரொம்ப வருஷம் யாரும் யாருடைய குடுமியையும் பிடித்து இழுக்கவில்லை. காணும் பொங்கலன்று ஊரே கோமுகி அணைக்கும் மலைக்கும் வண்டி கட்டிப் போகும். நம் இரண்டு வீடும் மட்டும் அன்றைக்குப் பாதை போடும். நெல் அறுவடை முடியும் நேரம், அடுத்து ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்துவிடும், டிராக்டர் போக வேண்டுமே. கிராவல் நாம் இறக்குவோம், கொட்டிப் பரப்புவது அவர்கள் வேலை. மேலே சமன்படுத்தப் பரம்புப் பலகையை இழுக்கும்போது கனத்துக்காக உன்னையும் அவர்கள் பெண் மலரையும் அதன் மேல் உட்கார வைப்பார்கள். ஒரு தடவை நீ குப்புற விழுந்து பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். உன் அப்பா ரத்தத்தைப் பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏழுமலைதான் உன்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனான். அந்தப் பல் இருந்த இடத்தில் இப்போது நீ கட்டியிருக்கும் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

ஏழுமலை கோழிக் கொட்டகை போட்ட பிறகு ஆரம்பித்தது வினை. கம்பெனிக்காரன் குஞ்சையும் தீவனத்தையும் லாரியில் அனுப்புவான். மழைக்காலத்தில் மண் பாதையில் லாரி ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பா ஒரு நாள் ஓடைக்கரையில் நின்றுகொண்டு, "ஏழுமலை, ஒன் லாரிதான் ஜாஸ்தி ஓடுது, இந்த வருசம் கிராவல நீ எறக்கு" என்றார். அது நியாயம்தான். "இன்னாண்ணா பேசற? ஒங்க கரும்பு டிராக்டரு மட்டும் பூ மேலயா போவுது? என் லாரி எப்பவோ ஒரு நாளு வருது. வெட்டு ஆரம்பிச்சா ஒங்க டிராக்டரு ஓயாம ஓடிக்கினு கெடக்குது" என்றான் அவன். அதுவும் நியாயம்தான். ஒருத்தர் அநியாயம் பேசினால் நாலு பேர் சேர்ந்து மடக்கிவிடலாம் கண்ணு. இரண்டு பேருமே நியாயம் பேசினால் அதற்கு முடிவே கிடையாது. அவரவர் பட்டாவை அவரவர் போட்டுக்கொள்வது என்று ஆனது. உன் அப்பா நம் பக்கத்தை அரை அடி உயர்த்தினார், தண்ணீர் அவர்கள் பக்கம் ஓடியது. அடுத்த வருஷம் அவன் ஒரு அடி உயர்த்தினான், தண்ணீர் நம் பக்கம் வந்தது. நடுவில் ஓடைக்குக் குறுக்கே இரண்டு வீடும் சேர்ந்து போட்ட சிமெண்டுக் குழாய் இருந்தது. அது எந்தப் பட்டாவில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் யாரும் அதைத் தொடவில்லை. மண் அடைத்துக்கொண்டது. மலையில் ஒரு மழை பெய்தால் போதும், ஓடைத் தண்ணீர் குழாயில் நுழைய முடியாமல் மேலே ஏறி நின்றுவிடும். இந்தப் பக்கம் ரோடு, அந்தப் பக்கம் ரோடு, நடுவில் குட்டை. ஊர் எருமைகள் வந்து சுகமாகப் படுத்துக்கொண்டன. இந்தச் சண்டையில் லாபம் பார்த்தது அவை மட்டும்தான்.

ஒரு நல்ல வழியும் வந்தது. அதை உன் அப்பா உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார், வெட்கம். பஞ்சாயத்தில் கூப்பிட்டு, "தனியார் பட்டாவுல எங்களால ஒரு கூடை கல்லு கொட்ட முடியாதுங்க. ரெண்டு பேரும் பாதைய மட்டும் பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுங்க, சிமெண்டு ரோடு வந்துடும்" என்றார்கள். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஒரே பஸ்ஸில் பத்திர ஆபீசுக்குப் போனார்கள். அங்கே போய் உன் அப்பா, "மொதல்ல அவன் போடட்டும். நான் போட்டப்புறம் அவன் எழுந்து போய்ட்டா என் நெலம் மட்டும் பூடும்" என்று சொல்லியிருக்கிறார். ஏழுமலையும் அதையேதான் சொல்லியிருக்கிறான். ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் சாயந்தரம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆபீஸைப் பூட்டியதும் அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். ஒருவர் முன் படியில் இறங்கினார், ஒருவர் பின் படியில் இறங்கினார். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்களே, அதை நான் நம் வீட்டு நடையில் பார்த்தேன். நான் இரண்டு வார்த்தை கேட்டேன். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

அப்புறம்தான் நீ ஓசூரிலிருந்து லீவில் வந்தாய். பெண் பார்க்க உளுந்தூர்பேட்டைக்குக் கிளம்பும் நாள் அது. தீவன லாரி சரியாக நம் வாசலுக்கு நேராகச் சேற்றில் புதைந்து நின்றது. உன் கார் வெளியே வர வழியில்லை. புதுப் பேண்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீ தார் ரோட்டுக்கு நடந்தாய். லாரிக்காரன் சிரித்தான். ஏழுமலை சிரிக்கவில்லை என்பதை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் சர்வேயரை அழைத்து வந்து அளந்தாய், கல் நட்டாய், அடுத்த நாள் ஜேசிபி வந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் நம் பட்டாவில், பாதைக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்குப் பள்ளம். எடுத்த மண்ணை ஒரு பிடி விடாமல் நம் கரும்புக் கொல்லையில் இரைத்துவிட்டாய். உன்னை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். ஜேசிபிக்காரனுக்குக் கறி சமைத்துப் போட்டது நான்தான். ஏழுமலை பெண்டாட்டி செல்வி ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தாள். நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

லாரி போகாததால் கம்பெனிக்காரன் குஞ்சு தருவதை நிறுத்திவிட்டான். கொட்டகை காலியானது. ஏழுமலை இந்த வயசில் உளுந்தூர்பேட்டையில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போகிறான். கரியாலூரில் கட்டிக் கொடுத்த மலர், கைக்குழந்தையோடு வந்தால் வண்டியைத் தார் ரோட்டுப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு ஓடைக்கரை வரப்பில் வழுக்கி வழுக்கி நடந்து வருவாள். நமக்கு என்ன கிடைத்தது? நம் கிணறு அந்தப் பக்கம்தானே இருக்கிறது. மோட்டார் போட உன் அப்பாவும் அதே வரப்பில்தான் சுற்றிக்கொண்டு போனார். அவர்களுக்கு வெட்டிய பள்ளத்தை நாமே தினம் சுற்றினோம். எதிரில் ஏழுமலை வந்தால் யார் வழி விடுவது என்று இரண்டு பேரும் வரப்பில் நின்றுகொள்வார்கள். கடைசியில் இரண்டு பேரும் சேற்றில் இறங்கி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தாண்டிப் போவார்கள்.

போன ஐப்பசியில் உன் அப்பா மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான், பேச்சில்லை. நீ வந்து சேர்ந்தாய், சொந்தபந்தம் எல்லாம் வந்தது, பந்தல் போட்டார்கள், மேளம் வந்தது. எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது, அந்தப் பள்ளத்தைத் தவிர. குளிப்பாட்டி முடித்து, பாடை தயாராகி, உன் கையில் கொள்ளிச் சட்டியைக் கொடுத்த பிறகுதான் உன் பெரிய மாமா கேட்டார், "எந்தப் பக்கமா எடுத்துகினு போறது?" மேளம் நின்றுவிட்டது. வரப்பில் ஒருத்தர் பின்னால் ஒருத்தர்தான் போக முடியும், பாடை போகாது. நீ புகையும் சட்டியோடு நின்றாய், உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அப்போதுதான் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

ஏழுமலையை யாரும் கூப்பிடவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் அவன் கொல்லையில் விளைந்து நின்ற மரவள்ளியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்து மண்ணை வெட்டிக்கொண்டிருந்தான். செல்வி கூடையில் சுமந்து வந்து பள்ளத்தில் கொட்டினாள். மலர் இடுப்புக் குழந்தையைக் கீழே உட்கார வைத்துவிட்டு இன்னொரு கூடை எடுத்தாள். நம் ஆட்களும் வெட்கப்பட்டுக்கொண்டு ஓடினார்கள். பள்ளம் நிரம்பியதும் அதன் மேல் அவன் கொட்டகையின் பழைய கதவைப் போட்டு மிதித்துப் பார்த்துவிட்டு, "எடுத்துகினு வாங்க" என்றான். பெண்கள் நாங்கள் அந்த இடத்தோடு நின்றுவிட்டோம். உன் அப்பாவைத் தூக்கிய நாலு தோளில் ஒரு தோள் ஏழுமலையினுடையது. அதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். உயிரோடு இருந்தவரைக்கும் முகம் பார்க்காத இரண்டு பேரும் அந்தப் பாதையில் ஒன்றாகத்தான் போனார்கள்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்த மறுநாள் ஜேசிபி மறுபடியும் வந்தது. "அப்படியே வுட்டா வழி உரிமை ஆயிடும்னு வக்கீல் சொல்றாரும்மா" என்றாய். இனி நம் பட்டாவில் கால் வைப்பதில்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் ஏழுமலையிடம் எழுதி வாங்கிக்கொண்டும் வந்திருந்தாய். நான் அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்து அந்த வண்டிக்கு முன்னால் படுத்திருக்க வேண்டும். வெளியே வரக் கூடாத நாட்கள் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. ஏழுமலை சண்டைக்கு வரவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "தம்பி, அது எங்க வூட்டு மண்ணு. அத மட்டும் எங்க பக்கமா போட்டுடச் சொல்லுப்பா." நீ போட்டுவிடச் சொன்னாய். நியாயமாக நடந்துகொண்டதாக உனக்கு நினைப்பு. அன்று சாயந்தரமே ஓசூருக்குக் கிளம்பிவிட்டாய்.

உன்னை நான் கெட்டவன் என்று சொல்லவில்லை. நீ பயந்தவன். உன் அப்பாவும் பயந்தவர்தான். முதலில் இறங்கிப் போனால் ஏமாந்துவிடுவோமோ என்ற பயம், அதற்கு ரோஷம் என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள். நாளைக்கு உன் வீட்டுக்குள் ஒரு பெண் வரப்போகிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கும், நீ சொல்வதிலும் நியாயம் இருக்கும். அங்கேயும் போய், மொதல்ல அவள் போடட்டும் என்று பெஞ்சின் முனையில் உட்கார்ந்துவிடாதே. இதற்கு மேல் கல்யாணத்துக்கு ஒரு அம்மா சொல்ல வேண்டிய புத்தி என்னிடம் இல்லை.

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வரப்பு ஈரமாக இருந்தது, பாதி வழியில் என்னால் முடியவில்லை. செல்வி பார்த்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ஒரு வருஷமாகப் பேசாதவள், "இந்தச் சேத்துல ஒண்டியா ஏன் வந்தீங்க, ஒரு கொரல் குடுத்திருந்தா நான் வரமாட்டனா" என்று திட்டிக்கொண்டே வந்தாள். ஏழுமலை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பத்திரிகையை வாங்கினான். "தம்பி வெக்கச் சொல்லிச்சா அண்ணி?" என்றான். பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான் வெக்கிறேன்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, பத்திரிகையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

திரும்பும்போதுதான் கவனித்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம், நீ எடுத்துப் போட்ட மண் அப்படியே குவியலாகக் கிடந்தது. மேலே புல் முளைத்து, ஆட்டுக்குட்டி ஒன்று படுத்திருந்தது. கொல்லையில் அவன் வெட்டிய இடமோ இன்னும் குழியாகவே இருந்தது, மரவள்ளியும் வைக்கவில்லை. "ஏன்டா ஏழுமலை, இந்த மண்ண வாரிக் கொல்லையில கொட்டாம இன்னும் இன்னாத்துக்கு இங்கியே போட்டு வெச்சிருக்கற?" என்று கேட்டேன். "இருக்கட்டும் அண்ணி" என்றான். "இருக்கட்டும்னா? ஒரு வருசமா மண்ணு மழையில கரையுதே" என்றேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சரிந்து கிடந்த மண்ணைக் காலால் குவியலோடு ஒதுக்கிவிட்டுச் சொன்னான்.

"ஒங்களுக்கு ஒண்ணுன்னா அன்னைக்கு அவசரத்துக்கு மண்ணுக்கு எங்க ஓடறது அண்ணி? அண்ணனுக்கு வெளஞ்ச காட்டப் புடுங்கிட்டு வெட்டினோம். அதான் ஒங்களுக்குன்னு அப்படியே வெச்சிருக்கேன்."

குத்திக் காட்டுவதற்காக அவன் சொல்லவில்லை. விறகு அடுக்கி வைக்கிறவன் சொல்வதுபோல்தான் சொன்னான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த மண் மேட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்வியின் கூடையை எடுத்து, "அத இன்னைக்கே கொட்டிடலாம், வா" என்றேன். அவன் பதறிப்போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் அண்ணி, ஸ்டேசன்ல எழுதிக் குடுத்திருக்கேன். பொணத்துக்குன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. உசுரோட இருக்கறவங்களுக்குன்னா கேஸாயிடும்."

நீ வாங்கிக் கொடுத்த நீதி இதுதான் கண்ணு. நான் இருக்கிறவரைக்கும் அந்தப் பாதை அடைத்துக் கிடக்கும், நான் செத்துப்போனால் திறக்கும். தினம் காலையில் கதவைத் திறந்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் எனக்கென்று குவித்து வைத்த மண் தெரிகிறது. பந்தக்கால் நடுவதற்கு முதல் நாள் வந்துவிடு. ஜேசிபியை அனுப்பாதே, நீயே வா. ஏழுமலை வீட்டுக்கு வரப்பைச் சுற்றிப் போய், "சித்தப்பா, மண்ணு குடுங்க" என்று கேள். கூடை அவர்களிடம் இருக்கிறது, மண்வெட்டி நம் வீட்டில் இருக்கிறது. பள்ளத்தை மூடிவிட்டு, குழாயில் அடைத்திருப்பதையும் நீயே இறங்கி எடு. பிறகு பத்திர ஆபீசுக்குப் போய் முதல் கையெழுத்தை நீ போடு. அவன் போடாமல் எழுந்து போனாலும் போகட்டும், நமக்குப் போவது ஒரு துண்டு நிலம். அவன் எழுந்து போகமாட்டான்.

நீ வராவிட்டாலும் உன் கல்யாணத்துக்கு நான் வருவேன், பெற்றவள் இல்லையா. முன்வரிசையில் உட்கார மாட்டேன், ஆனால் வருவேன். திரும்பி வந்து இந்த வீட்டில்தான் இருக்கப் போகிறேன். என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஏழுமலை அந்த மண்ணைப் போட்டுவிடுவான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நான் என் சொந்தக் காலால் அதன் மேல் நடந்து போக வேண்டும்.

அம்மா